இடமாற்ற உத்தரவும் கீழ்ப்படிதலும்: தாங்குகிற ஜெபக்குழு என்ன செய்ய வேண்டும்?

வள்ளியூர்க்காரன்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு காரியத்தில் உங்கள் ஆலோசனை வேண்டும். எங்கள் ஊர் ஜெபக்குழு வடக்கே ஒரு மலைப்பகுதியில் இருக்கும் மிஷனெரி குடும்பத்தைப் பல வருஷமாக ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிறது. அவர்களை அனுப்பிய மிஷனெரி சங்கத்தின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் எழுத மாட்டேன், தயவுசெய்து யாரும் கேட்கவும் வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேறு மாநிலம், வேறு மொழி. நவம்பர் நடுவில் குடும்பத்தோடு போய்ச் சேர வேண்டும். மூத்த பெண் பத்தாம் வகுப்பு. பிப்ரவரியில் பொதுத்தேர்வு. "நான் உடனே போகிறேன், குடும்பம் மட்டும் மார்ச் வரை இங்கே இருக்கட்டும்" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். குடும்பமாகத்தான் போகவேண்டும் என்று பதில் வந்தது. அதில் காரணம் எதுவும் இல்லை. அவர் மறுபடியும் எழுதினார். இந்தமுறை வந்தது ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம். அதில் "கீழ்ப்படியாமையின் ஆவி" என்று ஒரு வரி. தாங்குகிற குழு என்பதால் எங்களுக்கும் நகல் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து இதைப் பேசினோம். பேச்சு முற்றிவிட்டது. கீழ்ப்படியாதவருக்குக் காணிக்கை அனுப்புவது சரியில்லை என்று சிலர். அப்படியானால் சங்கத்துக்கே அனுப்பாதீர்கள், நேராக அவர் கணக்கில் போடுங்கள் என்று சிலர். அடுத்த வெள்ளி முடிவெடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோபுரமணி:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்பதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த ஊர் நம்முடையது. ஊழியத்துக்கு வரும்போது எங்கே அனுப்பினாலும் போவேன் என்று சபைக்கு முன்னால் முழங்கால் போட்டுத்தானே வந்தார்? பிள்ளை படிப்பு, பெற்றோர் உடல்நிலை, வீட்டு வாடகை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னால் பணித்தளத்தில் ஆள் நிற்குமா? பட்டாளத்தில் இருக்கிற நம் பையன்களுக்குப் பாதி வருஷத்தில் மாற்றல் வருவதில்லையா? அவர்கள் பிள்ளைகளும் பரீட்சை எழுதத்தான் செய்கிறார்கள்.

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊழியத்துக்குப் போனவர்கள் ஒழுங்கு தவறினால் அந்த மக்கள் நடுவில் நற்செய்தியின் பெயரே கெட்டுப்போகும். அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன்.

பனைநிழல்:
வள்ளியூர்க்காரன் தம்பிக்கு ஸ்தோத்திரம். நான் குஜராத்தின் டாங்ஸ் பகுதியில் வேலை செய்தவன். பிறகு சில வருஷம் களப் பொறுப்பிலும் இருந்தேன், அதாவது மாற்றல் கடிதம் எழுதுகிற பக்கத்திலும் இருந்திருக்கிறேன். கோபுரமணி அண்ணன் சொல்வதில் பாதியை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

களத்தில் ஒழுங்கு என்பது பெரிய பெரிய காரியங்களில் இருப்பதில்லை. மாதக் கணக்கை மாதத்திலேயே முடித்து, துண்டுச் சீட்டு முதற்கொண்டு ஒட்டி அனுப்புவது. தினக்குறிப்பில் போகாத கிராமத்தைப் போனதாக எழுதாமல் இருப்பது. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குத் தனியாகப் போகாதிருப்பது. யாருக்கும் வேலை வாங்கித் தருகிறேன், படிக்க வைக்கிறேன் என்று தன் இஷ்டத்துக்கு வாக்குக் கொடுக்காதிருப்பது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டார்கள் என்று ஞானஸ்நானப் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் விடாதிருப்பது. குஜராத்தில் 2003இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்த பிறகு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஊழியர் ஆர்வக்கோளாறில் செய்கிற காரியத்துக்கு அந்த மலையில் இருக்கும் ஏழை விசுவாசிகள் காவல் நிலையத்தில் போய் நிற்பார்கள். "எனக்கு ஆண்டவர் சொன்னார்" என்று சொல்லி இந்தக் கட்டுப்பாடுகளை மீறுகிறவரோடு வேலை செய்ய முடியாது.

மாற்றலும் அப்படித்தான். ஒரே இடத்தில் ரொம்ப வருஷம் இருந்தால் சிலர் அங்கே குட்டி ராஜா ஆகிவிடுகிறார்கள். உள்ளூர் ஆட்கள் தலையெடுக்க முடியாது. சபை தன் காலில் நிற்க வேண்டுமானால் நாம் கிளம்பத்தான் வேண்டும்.

ஆனால் அண்ணன், இவர் போகமாட்டேன் என்று சொல்லவில்லையே. நான் போகிறேன், குடும்பத்துக்கு நாலு மாதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரியிடம் நேரடியாக, எழுத்தில், மரியாதையாகக் கேட்பதுதான் ஒழுங்கான வழி. ஒழுங்கில்லாதவர் செய்வது வேறு. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு, வைத்தியச் சான்று வாங்கி ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, தாங்குகிறவர்களுக்கு ரகசியமாகப் போன் போடுவார். இவர் உங்களுக்கு அப்படிப் போன் போட்டாரா?

வள்ளியூர்க்காரன்:
இல்லை ஐயா. சங்கம் அனுப்பிய நகல் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். நாங்கள் போன் செய்தபோதும் "ஜெபம் பண்ணுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று மட்டும்தான் சொன்னார்.

பனைநிழல்:
அப்படியானால் அவர் ஒழுங்கு தெரிந்த ஊழியர். அந்தக் கடிதத்தை எழுதிய விதத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். காரணம் சொல்லாத உத்தரவுக்கும் மனிதன் கீழ்ப்படியலாம். ஆனால் காரணம் இருந்தும் சொல்லாமல் விட்டுவிட்டு, கேட்டவன் மேல் ஆவியைக் குறித்துத் தீர்ப்பு எழுதுவது நடத்துகிறவர்களுக்கு அழகல்ல. எபிரெயர் 13:17ஐ நாம் எப்போதும் "கீழ்ப்படிந்து அடங்கி நடங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நடத்துகிறவர்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ண வேண்டியவர்கள் என்று அதே வசனம்தான் சொல்கிறது.

பாளை ஏட்டுக்காரர்:
நம் ஊர்ச் சபை வரலாற்றில் இந்தச் சண்டை ஒரு முறை பெரிதாகவே நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது என்று எழுதுகிறேன்.

ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிரஷ்யாவில் பிறந்த லுத்தரன் போதகர். அவரை அனுப்பியதோ இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ். கிராமம் கிராமமாகச் சபை பெருகியது. ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்க 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கி வைத்தார். டோனாவூர் 1827இல் அவர் உண்டாக்கிய ஊர். சபைகள் பெருகப் பெருக, கிராமச் சபைகளில் போதித்து நடத்திவந்த உபதேசியார்களைக் குருக்களாக அபிஷேகம் பண்ண வேண்டி வந்தது. யார் பண்ணுவது? பேராயர்தான் பண்ண வேண்டும் என்றது சங்கம். லுத்தரன் முறைப்படி நாங்களே பண்ணலாம் என்றார் ரேனியஸ். அதற்குமேல் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து எழுதி அச்சிட்டும்விட்டார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது.

அவர் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து இங்குள்ள உபதேசியார்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். வந்தார். அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஊர்களில் இரண்டு கட்சி. இந்த ஆலயம் யாருக்கு, இந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு என்ற பேச்சு. 1838 ஜூனில் அவர் இறந்தார், அப்போது வயது 47. பாளையங்கோட்டையில்தான் கல்லறை. பிரிந்து நின்றவர்கள் பிறகு பெரும்பாலும் பழைய சங்கத்தோடே சேர்ந்தார்கள்.

கோபுரமணி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். எவ்வளவு பெரிய ஊழியர் ஆனாலும் அனுப்பின சங்கத்துக்குக் கட்டுப்படாவிட்டால் சபை இரண்டாகும்.

பாளை ஏட்டுக்காரர்:
அதை மறுக்கவில்லை அண்ணாச்சி. ஆனால் இன்னொன்றும் பாருங்கள். பல ஆயிரம் மைலுக்கு அப்பால் லண்டனில் இருந்த ஒரு கமிட்டி முடிவெடுத்தது. உபதேசியார்களையோ சபைகளையோ யாரும் கேட்கவில்லை. 15 வருஷம் அவர்களோடு வெயிலில் அலைந்தவர் ஒருவர், கடிதத்தில் மட்டும் தெரிந்தவர்கள் வேறொரு பக்கம். மக்கள் யார் பின்னால் போவார்கள்? அதிகாரம் எழுதப்பட்ட விதிகளில் கமிட்டியிடம் இருந்தது. ஜனங்களின் நம்பிக்கை ரேனியஸிடம் இருந்தது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருந்ததால்தான் கிழிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ராக்லண்டை வையுங்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணியில் தேறியவர். சென்னையில் அதே சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர், அதாவது மற்றவர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்புகிற நாற்காலி. உடம்பும் நோய்ப்பட்ட உடம்பு. அந்த நாற்காலியை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்து, கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார். தெற்கே இருந்த நம் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைபோட்டு அவரிடம் அனுப்பின. அந்த உபதேசியார்கள் ஏன் மனதார வந்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் படுத்த மண்ணில்தான் அவரும் படுத்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார்.

அசரியாவும் அப்படித்தான். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அவர் அதன் முதல் செயலாளர். நிஜாம் ராஜ்யத்தில் தோர்னக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டுத் தானே அங்கே மிஷனெரியாகப் போனார். வெள்ளாளன்விளையில் பிறந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் பேர் வாங்கிய மனிதர், தெலுங்கு படித்து அந்த மக்கள் நடுவில் உட்கார்ந்தார். 1912இல் பேராயர் ஆனதெல்லாம் அதற்குப் பிறகு. போ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தானே போனார். அப்படிப்பட்டவர் எழுதுகிற மாற்றல் உத்தரவுக்கு எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் நாக்கு எழாது.

கடற்கரை மைந்தன்:
நான் கத்தோலிக்கன், மணப்பாட்டுப் பக்கம். உங்கள் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். கீழ்ப்படிதல் என்றால் எங்கள் பக்கத்தில் இயேசு சபையைத்தான் சொல்வார்கள், அது அவர்கள் கொடுக்கிற வார்த்தைப்பாடுகளில் ஒன்று.

சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவரை அனுப்பிய இயேசு சபைத் தலைவர் இஞ்ஞாசியார் ரோமையில் இருந்தார். ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். 1553 ஜூனில் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச்சொல்லி எழுதினார். அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது சவேரியார் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து உத்தரவு போடுகிறவருக்கு அந்த நிமிஷம் அங்கே என்ன நிலைமை என்று தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

அதே 1553இல் இஞ்ஞாசியார் போர்ச்சுகல் நாட்டுச் சபையாருக்குக் கீழ்ப்படிதலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். மிகக் கண்டிப்பான கடிதம். தலைவரில் கிறிஸ்துவைப் பார்க்க வேண்டும், செயலில் மட்டும் அல்ல, மனதிலும் புத்தியிலும் பணிய வேண்டும் என்கிறார். ஆனால் அதிலேயே ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். உத்தரவில் உனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் ஜெபம் செய், பிறகு அதைத் தலைவரிடம் எடுத்துச் சொல், எந்தப் பக்கம் முடிவானாலும் ஏற்கிற மனதோடு சொல் என்று அனுமதிக்கிறார். அவ்வளவு கண்டிப்பான மனிதரே எடுத்துச் சொல்வதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணவில்லை. உங்கள் மிஷனெரி செய்ததும் அதுதானே?

கோபுரமணி:
நல்ல விளக்கம், நன்றி தம்பி. எடுத்துச் சொல்லலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு இரண்டாவது கடிதம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. எங்கேயாவது ஒரு முடிவு வேண்டாமா?

களத்து அம்மா:
அண்ணன்மார் எல்லாரும் பேசியதை வாசித்துக்கொண்டே வந்தேன். ரேனியஸ், ராக்லண்ட், சவேரியார் எல்லாரும் வந்துவிட்டார்கள். அந்த வீட்டம்மாவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் மிஷனெரியின் மனைவி, வடக்கே பல வருஷம் இருந்துவிட்டு இப்போது நாங்குநேரிப் பக்கம் இருக்கிறோம்.

மாற்றல் என்றால் என்ன என்று சொல்கிறேன். அவருக்கு வேலை மாறும். எனக்கு மொழி மாறும், தண்ணீர் மாறும், அடுப்பு மாறும், பக்கத்து வீடு மாறும். ஒரு ஊரில் பெண்கள் நம்மை நம்பி வாய் திறக்க வருஷக்கணக்கில் ஆகும். குழந்தை பிறக்கும்போது நம்மைக் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். அப்போது கடிதம் வரும். கடிதத்தில் "சகோதரர் குடும்பத்துடன்" என்று இருக்கும். அந்தக் "குடும்பத்துடன்" என்ற சொல்லுக்குள் நானும் என் பிள்ளைகளும் இருக்கிறோம்.

கீழ்ப்படிதல் எனக்கும் உண்டு. நானும் பொருத்தனை பண்ணித்தான் வந்தேன், அவர் பின்னால் வந்த சாமான் இல்லை. பிள்ளைகளைப் பிரிந்திருப்பதும் நமக்குத் தெரியாததல்ல. டோனாவூரில் மிஷனெரி பிள்ளைகளுக்காகவே சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. சின்னப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ரயிலேறின தாய்மார்கள் எத்தனையோ பேர். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையை நவம்பரில் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? தேர்வுக்கான பதிவு முன்னாலேயே முடிந்துவிடும். ஒரு வருஷம் போகும். அந்தப் பிள்ளை ஊழியத்தை வெறுத்துவிட்டால் யார் உத்தரவாதம் பண்ணுவது?

வள்ளியூர்க்காரன் தம்பி, அந்த அம்மாவிடம் உங்கள் குழுவில் இருந்து யாராவது ஒரு பெண் பேசினாளா?

வள்ளியூர்க்காரன்:
இல்லை அக்கா. இன்றைக்கே எங்கள் வீட்டில் பேசச் சொல்கிறேன்.

பயிற்சி மாணவன்:
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் இப்போது மிஷனெரி பயிற்சியில் இருக்கிறேன், சொந்த ஊர் சுரண்டை. காலை நாலரைக்கு எழும்ப வேண்டும், கழிப்பறை முறைபோட்டுக் கழுவ வேண்டும், போனை வாரத்தில் ஒரு நாள்தான் தருவார்கள். இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. என் கேள்வி வேறு. இங்கே சந்தேகம் கேட்டாலே "முறுமுறுக்கிறவன்" என்று ஒரு பார்வை வருகிறது. அதனால் பையன்கள் யாரும் எதையும் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விளக்கு அணைந்த பிறகு தங்களுக்குள் பேசுகிறார்கள். இப்படிப் பழகிவிட்டுக் களத்துக்குப் போனால் நாங்கள் கீழ்ப்படிகிறவர்களாக இருப்போமா, அல்லது பயப்படுகிறவர்களாக இருப்போமா? உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

பனைநிழல்:
தம்பி, நல்ல கேள்வி. கழிப்பறை கழுவுவதை விட்டுவிடாதே. களத்தில் தனியாக இருக்கும்போது உன்னை எழுப்ப யாரும் இருக்க மாட்டார்கள், மேற்பார்வைக்கு மாதத்தில் ஒருவர் வந்தாலே பெரிது. அப்போது உன்னைத் தாங்குவது இந்தப் பழக்கம்தான். ராஜ்மகால் மலையில் மால்தோ மக்கள் நடுவில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பார். காலா அசார் என்ற கொடிய காய்ச்சலும் மலேரியாவும் அடித்துப் போட்ட இடம் அது. நம் பக்கத்து ஊழியர்கள் அங்கே உயிரையே விட்டிருக்கிறார்கள். கொதிக்க வைத்த தண்ணீர், கொசுவலை, வேளைக்கு மருந்து என்று தலைமை சொன்னதை அலுப்பில்லாமல் செய்வதும் அங்கே கீழ்ப்படிதல்தான்.

பயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பயந்தவன் கெட்ட செய்தியை மேலே சொல்ல மாட்டான். கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்றால் வந்ததாக எழுதுவான். பணம் குறைந்தால் மறைப்பான். காய்ச்சலை மறைப்பான். நான் களப் பொறுப்பில் இருந்தபோது அறிக்கையில் எப்போதும் நல்லதாகவே எழுதுகிறவரைப் பார்க்கத்தான் முதலில் போவேன். கேள்வி கேட்கிறவரைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை, அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். உன் பயிற்சித் தலைவரிடம் தனியாக, மரியாதையாக, இதையே சொல். முதலில் முகம் சுளித்தாலும் சொல்.

சிற்றாறு:
நான் சேகரக் குரு. பணத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இழையின் ஆரம்பக் கேள்வி அதுதான்.

காணிக்கையை நிறுத்த வேண்டாம். சங்கத்தைத் தாண்டி நேராகவும் அனுப்ப வேண்டாம். நிறுத்தினால் தலைமையகத்தில் யாருடைய சாப்பாடும் குறையப் போவதில்லை, அந்தப் பிள்ளைகள் தட்டில்தான் குறையும். நேராக அனுப்பினால் நாளைக்குப் பணக்காரக் குழு தாங்குகிற மிஷனெரி ஒரு மாதிரி வாழ்வார், ஏழைக் குழு தாங்குகிறவர் வேறு மாதிரி வாழ்வார். ஒரே களத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் அதைவிடக் கொடிய விஷம் இல்லை. 1959இல் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தில் இருந்த வாலிபர்கள் கூடித் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தொட்டு, நம் பக்கத்து மிஷனெரி வேலை முழுவதும் இந்தச் சின்னச் சின்ன ஜெபக்குழுக்கள் மேல்தான் நிற்கிறது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த நம் தாய்மார்கள் அந்த அரிசிக்குப் பதிலாக மிஷனெரியை ஆளும் உரிமையைக் கேட்டதில்லை.

ஆனால் கொடுக்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கிற கடமை உண்டு. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குழுவாகக் கையெழுத்துப் போடுங்கள். மிரட்டல் வேண்டாம், பத்திரிகைக்குப் போவோம் என்ற பேச்சு வேண்டாம். ஏன் குடும்பமாகப் போகவேண்டும் என்று காரணம் கேளுங்கள். அவ்வளவுதான்.

பாளை ஏட்டுக்காரர்:
ஐயரவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒருவேளை முடிவு மோசமாகி அவர் அந்தச் சங்கத்தை விட்டு வெளியே வரவேண்டி வந்தாலும் அவருடைய அழைப்பு முடிந்துவிட்டது என்று குழு நினைக்கக் கூடாது. ஸ்டீபன் நீல் 1920களில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு வேலை செய்ய வந்தார். ஒத்துப்போகவில்லை, வெளியே வந்தார். 1939இல் அதே திருநெல்வேலிக்குப் பேராயரானார். டோனாவூரும் தன் வேலையைத் தொடர்ந்தது. பவுலும் பர்னபாவும் மாற்குவினிமித்தம் கடுங்கோபத்தோடு பிரிந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

வள்ளியூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. இந்த வாரத்தில் நிறைய நடந்துவிட்டது.

முதலில், ஐயர் சொன்னபடி கடிதம் எழுதினோம். காணிக்கையை வழக்கம்போல் சங்கத்தின் வழியாகவே அனுப்பிவிட்டோம். நிறுத்த வேண்டும் என்று சொன்னவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து ஒரு மூத்த பொறுப்பாளர் போன் செய்தார். நிதானமாகப் பேசினார். புதிய இடத்தில் ஒரு சின்ன மருத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்த நர்ஸ் அக்காவுக்குக் கடுமையான சுகவீனம், ஊருக்கு வந்துவிட்டார்கள். மையம் பூட்டிக் கிடக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் பிரசவத்துக்கு வேறு வழி இல்லை. நம் மிஷனெரியின் மனைவி பயிற்சி பெற்ற நர்ஸ். உண்மையில் அந்த இடத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது அந்த அம்மாதான். அதனால்தான் "குடும்பமாக" என்று எழுதியிருக்கிறார்கள்.

களத்து அம்மா:
அப்படியானால் அந்தக் கடிதம் அந்த அம்மா பேருக்கல்லவா வந்திருக்க வேண்டும்? தேவைப்பட்டது அவள், மாற்றல் அவருக்கு, காரணம் ஒருவருக்கும் இல்லை. எனக்கு அழுகை வருகிறது. பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவள் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். ஒரு நர்ஸிடம் அதைச் சொல்லவேண்டிய விதமா இது?

வள்ளியூர்க்காரன்:
அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. என் மனைவி அவர்களிடம் பேசியபோது காரணத்தைச் சொன்னாள். அவர்களுக்கும் அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "நான் டிசம்பர் முதல் வாரமே போகிறேன். அவர் பிள்ளைகளோடு பரீட்சை முடிகிறவரை இருக்கட்டும். எனக்குச் சமைக்க ஆள் வேண்டாம், ராத்திரி துணைக்கு ஒரு பெண் மட்டும் இருந்தால் போதும்" என்றார்களாம். கணவரும் சம்மதித்து, இருவரும் சேர்ந்து அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கோபுரமணி:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. காரணம் தெரியாமல் ஒரு முடிவை முடிவென்று சொல்லி வாயை அடைப்பது சரியில்லை. இரண்டாவது கடிதம் எழுதினது குற்றமல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்ல விடுங்கள்: பரீட்சை எழுதும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அந்தத் தாயின் கீழ்ப்படிதலைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தேன். அது இன்னும் நம் மக்களிடத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

களத்து அம்மா:
இருக்கிறது அண்ணன். ஆனால் அதைக் கணக்கில் வைத்து உத்தரவு போடக் கூடாது. பெண்ணைத் தனியாக அனுப்புவதானால் பாதுகாப்பு, தங்குமிடம், துணைக்கு வரும் பெண்ணின் செலவு எல்லாம் சங்கம் எழுத்தில் கொடுக்க வேண்டும். எப்படியும் போவாள் என்று விட்டுவிடக் கூடாது.

பனைநிழல்:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தம்பி, இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. அந்த ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் அவருடைய கோப்பில் இருக்கிறது. இன்றைக்கு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து நிர்வாகம் மாறும், புதிதாக வருகிறவர் கோப்பைப் புரட்டுவார், "கீழ்ப்படியாமையின் ஆவி" என்ற வரி மட்டும் அவர் கண்ணில் படும். பொறுப்பு கொடுக்க மாட்டார்கள், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். இப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் தரும்படி குழுவாகக் கேளுங்கள். அவர் தனக்காகக் கேட்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வள்ளியூர்க்காரன்:
நேற்று கேட்டு எழுதிவிட்டோம் ஐயா, களத்து அம்மா அக்கா சொன்ன பாதுகாப்பு விஷயங்களையும் அதிலேயே சேர்த்தோம். நிர்வாகக் குழு இம்மாதக் கடைசியில் கூடுகிறதாம். அந்த அம்மாவின் ரயில் டிக்கெட்டும், மையத்துக்கு வேண்டிய பிரசவ உபகரணங்களும் எங்கள் குழுவின் பொறுப்பு என்று சங்கத்திடம் சொல்லிவிட்டோம். எந்தெந்தச் சாமான் வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய பட்டியலைப் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் கொடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை தருவார்கள்.